அசையாச் சொத்து

ஏணியின் உச்சிப் படிக்கு ஒரு படி கீழே நின்று, இடது கையால் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வலது கையால் துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது கண்காணிப்பாளரின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. கிளையை விட்டால் இடுப்பு போகும். துளிரை விட்டால் மாற்றல் போகும். கையிலிருந்த துளிரை வாயில் கவ்விக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"மரத்துல."

அந்தப் பக்கம் அவள் குக்கரை அணைக்கும் சத்தம் கேட்டது.

"காலங்காத்தால மரத்துல என்ன?"

"ஆபீஸ் வேலை."

"உங்க ஆபீஸ்ல எல்லாரும் மரத்துலதான் இருக்காங்களா?"

"இல்ல. எனக்கு மட்டும்தான் ஏணி குடுத்திருக்காங்க."

"வாயில என்ன? வெத்தலையா?"

"எலை," என்றார். அதற்கு மேல் விளக்கினால் அவள் அழுவாள் அல்லது சிரிப்பாள். இரண்டையும் ஏணியில் நின்றபடி தாங்க முடியாது. "அப்புறம் பேசறேன். இந்த விருது மட்டும் வந்துரட்டும். வந்த மறுநாள் கையெழுத்து. அதுக்கு மறுநாள் நான் அங்க."

"போன வருஷம் பூச்சி வீடு கட்டினப்பவும் இதையேதான் சொன்னீங்க," என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அந்த ஊர் ஒரு ராத்திரி ரயில் தூரம். கல்யாணமான புதிதில் அது பெரிய தூரமாகத் தெரியவில்லை. குழந்தை பிறந்ததும் தண்டவாளம் நீண்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அப்பாவுக்கு மகள் வைத்திருந்த பெயர் 'வீட்டு அப்பா'. இவருக்கு 'ஃபோன் அப்பா'. போன தடவை பெட்டியோடு வாசலில் போய் நின்றபோது கதவைத் திறந்த குழந்தை இவரை ஏற இறங்கப் பார்த்தது, உள்ளே ஓடியது, அம்மாவின் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து நீட்டியது. எதுவாக இருந்தாலும் இதில் வந்து பேசு என்பது போல. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார். திரும்பி வரும் ரயிலில்தான் அது சிரிப்பதற்கான விஷயமில்லை என்று உறைத்தது.

மாற்றல் ஆணை தயாராகத்தான் இருந்தது. இயக்குநரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், அவருடைய பேரன் படத்துக்குப் பக்கத்தில், கையெழுத்துக்காக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இயக்குநர் அறைக்குள் போகும்போதெல்லாம் கண்காணிப்பாளரின் கண் அதன்மேல் போகும். இயக்குநரின் கண் கண்காணிப்பாளரின் மேல் போகும். "என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? விருது வரட்டும்னு சொன்னேன்ல? போ, வேலையைப் பாரு."

பூங்காத் துறை இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ரிப்பன். அவர் கண்ணில் பட்ட எதையும் திறந்து வைக்காமல் விட்டதில்லை. மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டிகளைத் திறந்து வைத்தார். இரண்டையும் சாயங்காலம் வரும் ஒரே வண்டி ஒரே வாயில் வாங்கிக்கொண்டு போனது. சூரிய விளக்கைத் திறந்து வைத்தார். அது நின்ற இடத்தில் சூரியனைப் பார்த்தவர் யாரும் இல்லை, அவ்வளவு நிழல். ஆகவே அலுவலகத்திலிருந்து ஒயர் இழுத்து அதை எரிய வைத்தார்கள். பூச்சிகளுக்கென்று அறை அறையாகத் தடுத்த மர விடுதி ஒன்றைத் திறந்து வைத்தார்; அதில் ஒரே ஒரு பல்லி வாடகையில்லாமல் முழு வீட்டையும் எடுத்துக்கொண்டது. வர நினைத்த பூச்சிகளும் பல்லியைப் பார்த்ததும் மனம் மாறிக்கொண்டன. வந்தே தீருவோம் என்ற சிலவற்றைப் பல்லி நன்றாகவே கவனித்துக்கொண்டது.

அப்புறம்தான் பசுமைப் பூங்கா விருதுக்கான விதிமுறை வந்தது. அதில் ஒரு வரி: பட்ட மரங்களை வெட்டாமல் நிற்க விட்டால் பறவைக்கும் வண்டுக்கும் காளானுக்கும் அதுவே வீடு; அப்படி விட்டு வைக்கும் பூங்காவுக்குக் கூடுதல் மதிப்பெண். நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளின் தலையெழுத்து, என்றாவது ஒருநாள் அவை ரிப்பனின் மேஜைக்கு வந்து சேரும். வந்தால் அவை கல்வெட்டாகாமல் திரும்பாது.

ஒரே ஒரு சிக்கல். பூங்காவில் பட்ட மரம் இல்லை. இருந்ததையெல்லாம் முந்தின வருஷம் அழகுபடுத்தும் திட்டத்தில் இதே இயக்குநர் வெட்டச் சொல்லி, அந்த இடத்தையும் திறந்து வைத்திருந்தார். அவர் பரிவாரத்தோடு பூங்காவைச் சுற்றி வந்தார். கிழக்கு மூலையில், நீர்ச் சிக்கன மாதிரி அமைப்புக்குப் பக்கத்தில், பெயர்ப் பலகை துருப்பிடித்து விழுந்துபோன ஒரு மரம் இலையில்லாமல் நின்றது. அது என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. இலை இருந்த காலத்தில் யாரும் கேட்டதில்லை.

"இது பட்ட மரம்தானே?" என்றார் இயக்குநர்.

கேள்வியின் கடைசியில் ஒரு 'தானே' இருந்தால் அதற்கு ஒரு பதில்தான் உண்டு என்பது அரசாங்கத்தில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துபோகும். "ஆமா சார்," என்றார்கள் எல்லோரும். கண்காணிப்பாளரும் சொன்னார். 'விசில்' என்று எல்லோரும் கூப்பிடும் காவலாளி ஒரு படி மேலே போய், விரலை மடக்கி மரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "கட்டைக் குரல் சார். போய்ச் சேர்ந்துருச்சு," என்றான். மரத்தில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துப் பழகியிருந்த தோட்டக்காரம்மா மட்டும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். பெரிய மனுஷர்கள் ஒரு பொருளை இப்படி உற்றுப் பார்த்தால் அடுத்து அதைத் தொடக்கூடாது என்று சொல்வார்கள் என்பது அவள் அனுபவம்.

பட்டமரத் திறப்பு விழா விமரிசையாக நடந்தது. அடிமரத்தைச் சுற்றி ரிப்பன். அதன் காலடியில், மரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தையும் இயக்குநரின் பெயரே எடுத்துக்கொண்ட கருங்கல் பலகை: 'பட்டமரம் அல்ல, பல்லுயிர்ப் பேரரண்மனை!' கூட்டத்தில் யாரோ, "மரத்தைத் திறக்கறாங்களாமே, கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டது மைக்கில் விழுந்தது. இயக்குநர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து நடுவர்கள் வரும் தேதியும் குறித்த பிறகு, ஒருநாள் காலை விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தான்.

"சார்! பட்ட மரம் துளிர்த்துருச்சு சார்!"

கண்காணிப்பாளருக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. யாராவது செத்துப் பிழைத்தால், போன பொருள் திரும்பினால், கைவிட்ட சம்பந்தம் கூடி வந்தால் சொல்கிற வார்த்தை அது. அம்மா அவரைப் பற்றியே ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறாள், காய்ச்சலிலிருந்து எழுந்தபோது. மாற்றல் ஆணைதான் வந்துவிட்டதோ என்று எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம்தான் விசில் உவமை சொல்லவில்லை, செய்தி சொல்கிறான் என்று புரிந்தது.

மேலே, கிளை பிரியும் இடத்தில், நகக்கண் அளவுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாய்த் துளிர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வீணாக்காமல் இருப்பது எப்படி என்று மக்களுக்குக் காட்டும் நீர்ச் சிக்கன மாதிரி அமைப்பு, திறந்து வைத்த நாளிலிருந்து அடியில் இருந்த குழாயில் ஒழுகிக்கொண்டிருந்தது. சரி செய்யச் சொல்லி அவரும் எழுதி எழுதி ஓய்ந்திருந்தார். இத்தனை நாளும் அந்த ஒழுகல் மண்ணுக்குள் இறங்கி, போய்ச் சேர்ந்ததாக அரசாங்கமே அறிவித்த ஒன்றுக்கு யாருக்கும் தெரியாமல் வாயில் பால் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இயக்குநரிடம் ஃபோனில் சொன்னார்.

"துளிர்த்துருச்சுன்னா? பட்ட மரம் எப்படிய்யா துளிர்க்கும்?"

"அதான் சார் எனக்கும் தெரியல."

"துளிர்த்த மரம் எல்லா பார்க்லயும்தான்யா இருக்கு. அதுக்கு எவன் விருது குடுப்பான்? கல்லு வெட்டி வச்சாச்சு. பேப்பர்ல போட்டோ வந்தாச்சு. இப்பப் போய் அது உயிரோட இருக்குன்னா, நான் என்ன உயிரோட இருக்கறதுக்கா திறப்பு விழா நடத்தினேன்?"

"வெட்டிரலாமா சார்?"

"பட்ட மரத்தை வெட்டினா விதிமுறைப்படி மார்க் போகும்யா!"

"இது உயிரோட இருக்கற மரம் சார்."

"உயிரோட இருக்கற மரத்தை வெட்டினா ஊரே சிரிக்கும்யா!" இயக்குநர் மூச்சு வாங்கிக்கொண்டார். "இதையெல்லாம் முளையிலேயே கிள்ளணும்."

"சரி சார்."

"நான் சும்மா சொல்லல. நிஜமாவே கிள்ளுங்கறேன். நடுவருங்க வந்து போற வரைக்கும் தினம் காலைல. ஒரு எலை இருக்கக் கூடாது. உன் ஆர்டர் இங்க கண்ணாடிக்கு அடியில என்னையே பாத்துக்கிட்டு இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

இரண்டு மழைக்காலமாக எழுதியும் வராத பிளம்பர் அன்று மதியமே வந்து, நீர்ச் சிக்கன அமைப்பின் வால்வை இறுக்கி மூடிவிட்டுப் போனார். கண்காணிப்பாளர் அவரை ஒரு அதிசயத்தைப் போல நின்று பார்த்தார். காப்பாற்றக் கூப்பிட்டால் வராத அரசாங்கம் சாகடிக்கக் கூப்பிட்டால் வண்டி பிடித்து வருகிறது.

தோட்டக்காரம்மா ஏணியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

"அக்கா, நாலு எலை. என்ன பெரிய விஷயம்?"

"என் ஆர்டர்ல மரம் பராமரிப்புன்னுதான் போட்டிருக்கு சார். கொலைன்னு போடல. அதுக்குத் தனியா சம்பளம் ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க, யோசிக்கறேன்."

விசிலுக்குத் தலைசுற்றல். தரையில் நின்று ஊதும்போது வராத தலைசுற்றல். ஆக, கண்காணிப்பாளரே ஏறினார். அவர் தினமும் காலையில் கிள்ளினார். மரம் தினமும் ராத்திரியில் துளிர்த்தது. ஒன்றைக் கிள்ளிய இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வந்தன, சாட்சிக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு. குழாயை மூடினால் வாடும் என்று பார்த்தால், வேண்டியதையெல்லாம் ஏற்கனவே குடித்து வைத்திருந்தது போலிருக்கிறது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "சார் மரத்துக்குப் பேன் பாக்கறாரு," என்று சொல்லிக்கொண்டு போனார்கள். விசில் கீழே நின்றுகொண்டு கை நீட்டுவான். "அந்தா சார், இடது கைப் பக்கம். ஐயோ, அது உங்க இடது, என் இடது இல்ல. சார், இன்னிக்கு நேத்தைவிட நல்லா முழிச்சிருக்கு சார்!" அவன் குரலில் இருந்த பெருமையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஏணிப் பக்கம் வேறு யாரும் இல்லாத நேரங்களில் அவர் மரத்தோடு பேச ஆரம்பித்திருந்தார். "ஏன் இப்படி என் உயிரை வாங்கற? இத்தனை நாள் கட்டையாத்தானே நின்ன? இன்னும் கொஞ்ச நாள் நின்னா கொறஞ்சா போயிருவ? நான் ஊருக்குப் போனதுக்கப்புறம் காடா வளரு, பூ பூத்துக்க, காய் காய்ச்சுக்க, யாரு வேணாங்கறா. நேரம் காலம் தெரியாம..." கிள்ளிய இடத்தில் பால் போல ஒன்று கசிந்து விரலில் பிசுபிசுத்தது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகவில்லை. அதே விரலால்தான் ராத்திரி மகளுக்கு வீடியோவில் டாட்டா காட்டினார்.

நடுவர்கள் வந்த அன்று, வெளிச்சம் வருவதற்குள் ஏறி, மரத்தை மொட்டை அடித்துவிட்டுத்தான் இறங்கினார். தலைமை நடுவர் கழுத்தில் சங்கிலியோடு ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த அம்மாள். கூட ஒருவர் எழுதினார், ஒருவர் படமெடுத்தார். அந்த அம்மாள் வந்ததும் வராததுமாகக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்ததிலேயே இயக்குநருக்குப் பாதி வியர்த்துவிட்டது. பூச்சி விடுதியின் முன் அவர் பூதக்கண்ணாடியை வைத்தபோது மறுபக்கத்திலிருந்து பல்லி அவரைப் பார்த்தது.

"விருந்தாளிங்க வெளிய போயிருக்காங்க மேடம்," என்றார் இயக்குநர்.

எல்லோரும் பட்டமரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, முன்னால் வேகமாக நடந்த இயக்குநர் சட்டென்று நின்றார். கல் பலகையின் அடியிலிருந்து, அவருடைய பெயரின் கடைசி எழுத்துக்கு நேர் கீழே, வேரிலிருந்து கிளம்பி, மூன்று இலைகளோடு ஒரு தளிர் வெயிலுக்கு முகம் காட்டி நின்றுகொண்டிருந்தது. மேலேயே பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் கீழே பார்க்கவே இல்லை. இயக்குநர் ஒரே தாவலில் அதன்மேல் போய் நின்றார். அந்த வயதில் அந்தத் தாவல் பாராட்டுக்குரியது.

நின்றபடியே பேசினார். பல்லுயிர் பற்றிப் பேசினார், அரண்மனை பற்றிப் பேசினார், தான் சின்ன வயதில் மரம் ஏறியதைப் பற்றிப் பேசினார். நடுவர் அம்மாள் மரத்தைத் தடவிப் பார்த்து, "உரக்குழியைப் பாக்கலாமா?" என்று நகர்ந்தார். இயக்குநரால் நகர முடியாது. கண்ணாலேயே கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்.

"கிட்ட வாய்யா. என் செருப்பு ஓரமா உன் செருப்பை வை. இன்னும் ஒட்டி. இப்ப நான் எடுக்கறேன்... ம். நாங்க சுத்திட்டு வர்ற வரைக்கும் அசையாத."

"எப்படி சார் நிக்கறது?"

"மரம் மாதிரி நில்லுய்யா!"

நின்றார். செருப்புக்குள் பாதத்தின் வளைவில் அந்தத் தளிர் ஓரமாகக் குத்துவது தெரிந்தது. வெயில் ஏறியது. கழுத்தில் ஒரு எறும்பு ஊர்ந்து, சட்டைக்குள் இறங்கி, திரும்பி ஏறி, தாடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. தட்டிவிடக்கூட அவர் கை எழவில்லை. பல்லுயிர்ப் பேரரண்மனையில் அன்று தங்க வந்த முதல் உயிர் அதுவாகத்தான் இருக்கும். உரக்குழிப் பக்கமிருந்து இயக்குநரின் சிரிப்பு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. ரயில் எத்தனை மணிக்கு என்று அவருக்கு மனப்பாடம்; அதையே ஜபம் போல மனசுக்குள் ஓட்டிக்கொண்டு நின்றார்.

அவர்கள் திரும்பி வந்தபோது நடுவர் அம்மாள் அவருக்கு எதிரில் வந்து நின்றார்.

"இவர் யாரு? போகும்போதும் இங்கதான் நின்னார். வெயில்ல இப்படி அசையாம நிக்கிறாரே?"

இயக்குநருக்கு வாய் எப்போதும் மூளையைவிட ஒரு அடி முன்னால். "பட்டமரக் காவலர், மேடம். இந்த மரத்துக்குன்னே தனியா போட்டிருக்கோம்."

நடுவர் அம்மாளின் முகம் இளகியது. அது நடிப்பில்லை, அதுதான் வினை. "எத்தனையோ பூங்கா பாத்துட்டோம் சார். எல்லா இடத்துலயும் கல்லு இருக்கு, போர்டு இருக்கு, ரிப்பன் இருக்கு. ஆள் இல்ல. விருது வாங்கின மறுநாளே இருக்கற ஒருத்தரையும் மாத்திடறாங்க. அப்புறம் மரம் விறகாயிடுது. இங்கதான் ஒரு ஆளைப் பாக்கறேன்." எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "விருது இவங்களுக்குத்தான். ஒரு நிபந்தனை எழுதிக்குங்க. விருதுக் காலம் முடியற வரைக்கும் இவரை இங்கேர்ந்து மாத்தக் கூடாது."

"மாத்தறதா?" இயக்குநர் கண்காணிப்பாளரின் தோளில் கை போட்டுக்கொண்டார். "இவர் எங்க அசையாச் சொத்து மேடம்!"

கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். காலை எடுத்தால் விருது போகும். விருது போனால் கையெழுத்து போகும். காலை எடுக்காவிட்டாலோ, கையெழுத்து போடவே ஆணை இருக்காது.

"உங்களுக்கு இதுல சம்மதம்தானே?" என்றார் அந்த அம்மாள். அதிலும் ஒரு 'தானே'.

"மேடம், ஊர்ல எனக்குக் குழந்தை..."

"தெரியுதுங்க," என்றார் அவர், கண் கலங்கி. "குழந்தை மாதிரிதான் பாத்துக்கறீங்க."

படமெடுப்பவர் படமெடுத்தார்.

கார்கள் கிளம்பும்போது இயக்குநர் மட்டும் ஓடி வந்தார். "கலக்கிட்டய்யா! கவலைப்படாத, குடும்பத்தை இங்கயே கூட்டிட்டு வந்துரு. ஆஸ்பத்திரி இல்லாத ஊரா? ஆங், கிள்ளறதை மட்டும் விட்டுராத. விருதுக் காலம் முழுக்க அது பட்ட மரமாவே இருக்கணும். பட்ட மரம் இருந்தாத்தானே காவலர்!" கார் கதவு சாத்திக்கொண்டது.

கண்காணிப்பாளர் அங்கேயே நின்றார். இனி நிற்கத் தேவையில்லை என்பது நினைவுக்கு வர நேரமாயிற்று. காலை எடுத்தபோது தளிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு இலைகளில் செருப்பின் வரி அப்படியே பதிந்திருந்தது. மூன்றாவது இலை எப்படியோ ஓரமாக ஒதுங்கித் தப்பியிருந்தது. குனிந்து, கை வழக்கப்படி அதைக் கிள்ளப் போனது. விரல்கள் தண்டைத் தொட்டு நின்றன.

பட்ட மரம் இருந்தாத்தானே காவலர்.

அவர் எழுந்து நீர்ச் சிக்கன அமைப்பின் பின்பக்கம் போனார். பிளம்பர் தன் பலத்தையெல்லாம் காட்டி மூடியிருந்த வால்வு. துண்டைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினார். முதலில் காற்று இருமியது. அப்புறம் அடியில் இருந்த குழாயில் பழைய ஒழுகல் தொடங்கியது. அது போதாது என்று பட்டது. அமைப்பின் மேல் குழாயையும் திறந்து, தோட்டக்காரம்மாவின் வாளியை எடுத்து வைத்துப் பிடித்தார்.

"சார், தண்ணி திறந்து கெடக்கு!" விசில் ஓடி வந்தான், ஊதுவதற்கு வாயில் வைத்தபடி.

"தெரியும். ஊதாத."

"ஏணி எடுத்துட்டு வரவா? நாளைக்குக் காலைல..."

"ஏணியை அக்காகிட்ட குடு. துணி காயப் போடட்டும்."

தோட்டக்காரம்மா துடைப்பத்தை மறுபடி மரத்தில் சாய்த்துவிட்டு, இவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது எந்த ஆர்டர்ல வருது சார்?" என்றாள்.

"மரம் பராமரிப்பு."

ஃபோன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் அதை இடுக்கிக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

"மரத்துலேர்ந்து இறங்கியாச்சா?" என்றாள் மனைவி. "விருது என்னாச்சு?" பின்னால் குழந்தை, ஃபோன் அப்பாவா, ஃபோன் அப்பாவா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்றேன் இரு. ரெண்டு கையிலயும் வாளி."

அடிமரத்தைச் சுற்றி ஊற்றினார். தண்ணீர் கல் பலகையில் முட்டி நின்றது. எழுத்துக்களின் பள்ளங்களில் ஏறி நிரம்பியது. அங்கிருந்து வழி தெரியாமல் அவர் செருப்பைச் சுற்றித் தயங்கியது. அவர் காலை எடுத்து நகர்ந்து வழி விட்டார். அது சாய்ந்து கிடந்த தளிரின் பக்கம் போயிற்று.